வடக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: எங்கே போவது, எங்கே சாப்பிடுவது

சிங்கப்பூரின் வடக்கே ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருக்கும் குடும்பங்களில் வாரக் கடைசி வந்தால் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? நகருக்குப் போகலாம். ரயிலில் போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம், நடுவில் வெயிலில் நடை, கூட்டத்தில் சாப்பாடு. வீடு திரும்பும்போது பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், சின்னவர்கள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நூறு வெள்ளி போன இடம் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை என்றால் சரி. எல்லா வாரமும் முடியாது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே அரைநாளை நிறைவாகக் கழிக்க வடக்கில் நல்ல இடங்கள் இருக்கின்றன. எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. ஒப்பிட வசதியாக ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம்: அப்பா, அம்மா, தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளை, பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை, கூடவே ஒரு பாட்டி. கார் இல்லை. சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 40 வெள்ளிக்குள் முடிய வேண்டும்.

நான் இங்கே சொல்லப்போகும் எல்லா இடங்களுக்கும் நுழைவு இலவசம். அதனால் கட்டணத்தை வைத்து ஒப்பிட எதுவும் இல்லை. பணம் கரைவது பசி எடுக்கும் இடத்தில்தான். பூங்காவில் ஓடியாடிய பிள்ளை பன்னிரண்டு மணிக்குப் பசிக்கிறது என்று அழும்போது பக்கத்தில் உணவங்காடி நிலையம் இருந்தால் ஐந்து பேரும் 25, 30 வெள்ளியில் சாப்பிட்டு எழலாம். இல்லாவிட்டால் வாடகைக் காரைக் கூப்பிட்டு, குளிர்சாதன வசதியுள்ள கடைத்தொகுதிக்குப் போய், கண்ணில் பட்ட உணவகத்தில் உட்கார வேண்டியதுதான். அங்கே உணவுப் பட்டியலில் 80 வெள்ளி என்று இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 88 ஆகும். அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்து 96 வெள்ளிக்கு வந்து நிற்கும். உணவங்காடியில் போட்டிருக்கும் விலைதான் கொடுக்கும் விலை. ஆகவே இடத்தை மட்டும் முடிவு செய்யாமல், இடத்தையும் சாப்பாட்டுக் கடையையும் ஜோடியாக முடிவு செய்யுங்கள். கீழே உள்ள நான்கு ஜோடிகளின் ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கில்தான்.

வெந்நீர் ஊற்றும் சோங் பாங்கும்

காம்பஸ் அவென்யூவில் இருக்கும் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காதான் இந்த வட்டாரத்தின் தனிச்சிறப்பு. சிங்கப்பூரின் முக்கியத் தீவில் இப்படி ஒரு பூங்கா வேறெங்கும் இல்லை. 1909இல் இந்த ஊற்று கண்டறியப்பட்டது. பிறகு ஃப்ரேசர் அண்ட் நீவ் நிறுவனம் இந்தத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் குளியல் தொட்டிகள் கட்டினார்கள். நெடுங்காலம் தற்காப்பு அமைச்சின் நிலத்துக்குள் இருந்து, மக்கள் கேட்டுக்கொண்ட பின் 2002இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது சிமெண்டுத் தரையும் குழாய்களும் பிளாஸ்டிக் வாளிகளும்தான். 2020 ஜனவரியில் தேசியப் பூங்காக் கழகம் இதைச் சீரமைத்துத் திறந்த பின்தான் குடும்பத்தோடு உட்காரும் இடமானது.

தண்ணீர் வெளிவரும்போது ஏறக்குறைய 70 பாகை செல்சியஸ். படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் கீழே வர வர சூடு குறையும். கடைசித் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு உட்காரலாம். மூட்டு வலி உள்ள பாட்டிக்கு இதைவிடப் பிடித்த இடம் வடக்கில் கிடையாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சூடு உறைக்காமல் தோல் வெந்துபோகும். அவர்கள் காலை வைப்பதற்கு முன் வேறொருவர் கையை வைத்துப் பார்ப்பது நல்லது.

பிள்ளைகளுக்கு முட்டைதான் விசேஷம். வீட்டிலிருந்து முட்டையும் ஒரு மூடி போட்ட பாத்திரமும் கொண்டுபோங்கள். 70 பாகையில் மஞ்சள் கரு கெட்டியாகிவிடும், வெள்ளைக் கரு முழுதாக இறுகாமல் தளதளவென்று நிற்கும். அடுப்பில் பத்து நிமிடத்தில் வேகும் முட்டை இங்கே அரை மணி நேரமாவது எடுக்கும். பாத்திரத்தில் தண்ணீர் ஆற ஆற, அதை ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். பெரிய பிள்ளை ஏன் இப்படி என்று கேட்டால், அறிவியல் பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம். உப்பும் மிளகும் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள்.

குறை என்னவென்றால், பாட்டியையும் பாலர் பள்ளிப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு வசதியாக நடந்து போகும் தூரத்தில் உணவங்காடி நிலையம் இல்லை. பேருந்து ஏறி ஈசூன் பக்கம் வந்து, சோங் பாங் சந்தையை ஒட்டிய உணவங்காடியில் சாப்பிடுவதுதான் என் தேர்வு. பழைய சந்தை, கூட்டம், சத்தம் எல்லாம் உண்டு. ஆனால் விலையும் ருசியும் உண்மையாக இருக்கும் இடம். சாப்பிட்டுவிட்டு வாரத்துக்கு வேண்டிய காய்கறியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தனியாகச் சந்தைக்குப் போகும் வேலை ஒன்று மிச்சம்.

நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். பூங்கா காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடிவிடுகிறது. நடுப்பகலில் வெயிலும் வெந்நீரும் சேர்ந்தால் யாருக்கும் தாங்காது. மாலை ஐந்தரைக்குப் போனால் முட்டை வேகும் முன் கிளம்ப வேண்டும். எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்து, பத்தரைக்குக் கிளம்பி, சோங் பாங்கில் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக முடிப்பதுதான் சரியான கணக்கு.

செம்பவாங் பூங்காவும் புக்கிட் கென்பராவும்

நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இந்த ஜோடியைத்தான் எடுப்பேன்.

செம்பவாங் சாலை முடியும் இடத்தில், ஜோகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது பூங்கா. கடற்கரையின் பெரும்பகுதி மண் கொட்டி நிரப்பப்பட்ட இந்த நாட்டில், இயற்கையாக எஞ்சியிருக்கும் மணல் கரைகளில் இதுவும் ஒன்று. சின்னக் கரைதான். குளிக்க ஏற்றதில்லை. ஆனால் மணலில் குழி தோண்டவும், எதிரே மலேசியக் கரையைப் பார்க்கவும், படகுத்துறையில் தூண்டில் போடுபவர்களின் வாளிக்குள் எட்டிப் பார்க்கவும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போதாது. போர்க்கப்பல் வடிவில் ஒரு விளையாட்டுத் திடலும் இருக்கிறது.

போர்க்கப்பல் ஏன் என்று பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும். பக்கத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1938இல் திறக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். நம்மில் பலருடைய தாத்தாக்கள் இந்தச் சாலையில்தான் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனார்கள். கென்பரா, வெலிங்டன் என்று இங்குள்ள பெயர்களெல்லாம் அந்தத் தளம் விட்டுப்போனவை. பாட்டிக்கு அந்தக் காலம் நினைவிருந்தால், இந்த உலாவுக்கு வேறு வழிகாட்டி தேவையில்லை.

செம்பவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பேருந்து முனையத்திலிருந்து 882 எண் பேருந்து பூங்காவுக்குப் போகிறது. திரும்பி வரும்போது அதே பேருந்து உங்களை நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து புக்கிட் கென்பரா கொஞ்ச தூர நடைதான். இந்த ஜோடியின் பலமே அதுதான். பசி எடுக்கும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பும் பாதையிலேயே சாப்பாடு இருக்கிறது. எங்கேயும் வழி மாறிப் போக வேண்டாம்.

புக்கிட் கென்பரா உணவங்காடி 2022 டிசம்பரில் திறந்தது. புதிய கட்டடம்; காற்றோட்டம் நன்றாக இருக்கும், தள்ளுவண்டியையும் சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போக இடம் இருக்கும். அதே வளாகத்தில் நீச்சல் குளம், தோட்டம், மரங்களுக்கு நடுவே பழைய அட்மிரல்டி இல்லம் எல்லாம் உள்ளன. அந்த இல்லம் தேசிய நினைவுச்சின்னம். நீந்தத் தெரிந்த பிள்ளை இருந்தால் துண்டையும் உடையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் குளத்தின் கட்டணம் தலைக்குச் சில வெள்ளியைத் தாண்டாது. கடல் மணல் ஒட்டிய கால்களைக் கழுவ, சாப்பிடும் முன் பிள்ளைகளைக் கொஞ்சம் களைப்பாக்க, இரண்டுக்கும் உதவும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இது எல்லா உணவங்காடிக்கும் பொருந்தும். பல நிலையங்களில் இந்தியக் கடை என்பது மீ கோரெங், பிரியாணி, பரோட்டா போடும் இந்திய முஸ்லிம் கடையாகத்தான் இருக்கும். தோசையும் சைவக் குழம்பும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமையோ விரத நாளோ ஆக இருந்தால் சீன சைவக் கடையைப் பாருங்கள். சைவ பீஹூனும் சோறும் காய்கறியும் நாலைந்து வெள்ளிக்குள் கிடைக்கும். பௌத்த முறைப்படி சமைக்கும் கடைகளில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. நம் பாட்டிகளுக்கு அது பெரிய ஆறுதல். முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈசூன் அணையும் பரோட்டாவும்

இது மாலைக்கான ஜோடி. காலை நேரம் ஒத்துவராத குடும்பங்களுக்கு, அதாவது ஞாயிறு மதியம் தூங்கி எழுந்த பின்தான் வெளியே கிளம்புபவர்களுக்கு.

சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்து 1980களில் உருவாக்கிய நீர்த்தேக்கத்தின் அணை இது. ஒருபுறம் நீர்த்தேக்கம், மறுபுறம் கடல், நடுவே சாலையும் நடைபாதையும். மேற்கே நீர்த்தேக்கம் இருப்பதால் சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்கும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைவதால் ஆறரைக்கு அங்கே இருந்தால் போதும். சிலேத்தார் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் சின்ன விமானங்கள் தலைக்கு மேல் தாழ்வாகப் பறக்கும். சின்னப் பிள்ளைக்கு அது ஒன்றே போதும்.

அணையின் மேல் நிழல் கிடையாது. கடை கிடையாது. மழை வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். தாளிச்சுக் கொட்டிய கொண்டைக்கடலை, ஒரு போத்தல் எலுமிச்சைச் சாறு போதும். பாட்டிக்கு மடக்கு நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது.

இருட்டிய பிறகு சாப்பாடு. அணையைத் தாண்டிச் சிலேத்தார் பக்கம் போனால் ஜாலான் காயு. அங்கே பரோட்டாவுக்காக ஊரெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். எதிர்த்திசையில், அப்பர் தாம்சன் பக்கம் துங் சூன் அவென்யூவில் ஸ்பிரிங்லீஃப் பரோட்டா கடை. அதற்குப் பக்கத்திலேயே ஸ்பிரிங்லீஃப் ரயில் நிலையம் 2021இல் திறந்துவிட்டதால் கார் இல்லாதவர்களும் இப்போது சுலபமாகப் போகலாம். அணையிலிருந்து நேராகப் போவதானால் ஜாலான் காயுவும், வீட்டிலிருந்து தனியாகச் சாப்பிடவே கிளம்புவதானால் ஸ்பிரிங்லீஃபும் சரி.

விலையை மட்டும் பார்த்தால் புளோக்குக்குக் கீழே காப்பிக் கடையில் போடும் பரோட்டா இதைவிட மலிவு. வெறும் பரோட்டா ஒன்றரை வெள்ளி அளவில் கிடைக்கும். பெயர் பெற்ற கடைகளில் அதைவிடக் கூடும்; சீஸ், காளான் என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தால் தட்டுக்கு ஐந்தாறு வெள்ளி ஆகிவிடும். ஆளுக்கு ஒரு வெறும் பரோட்டா, ஒரு முட்டை பரோட்டா, தே தாரிக் என்று நிறுத்திக்கொண்டால் ஐந்து பேருக்கு 30 வெள்ளியில் முடியும். பிளாஸ்டர் பரோட்டா தெரியாதவர்களுக்கு: முட்டையை உள்ளே மடிக்காமல் மேலே ஒட்டிப் போடுவது. மஞ்சள் கரு உடைந்து குழம்போடு கலக்கும்போது வரும் ருசி வேறு. சுத்த சைவம் என்றால் பருப்புக் குழம்பு தனியாகக் கேளுங்கள். ஆனால் முட்டையும் அதே கல்லில்தான் வேகும் என்பதைப் பாட்டிக்கு முன்பே சொல்லிவிடுவது மரியாதை. அவருக்குத் தோசை கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

அட்மிரல்டி பூங்கா

பிள்ளைகளுக்கு மட்டும் என்று பார்த்தால் மற்ற மூன்றையும் இது தோற்கடித்துவிடும். 26 சறுக்குமரங்கள், 27 ஹெக்டர் பரப்பு, அதில் பெரும்பகுதி சதுப்புநிலக் காடு. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை யாருக்கும் சலிக்காது. பெரியவர்களுக்கும் ஏற்ற சறுக்குமரங்கள் இருக்கின்றன, வெட்கப்பட வேண்டாம்.

பாட்டியோடு போக நான் சொல்லமாட்டேன். மேடும் படியும் அதிகம். அவருக்கு உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேலை இருக்காது. சாப்பாட்டுக்கும் பேருந்து ஏற வேண்டும். பெயரை நம்பி அட்மிரல்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கத்தில் இருக்காது. அது உட்லண்ட்ஸில், ரிவர்சைட் சாலையில் இருக்கிறது. விளையாட்டு முடிந்து பேருந்தில் அட்மிரல்டி நிலையத்துக்கு வந்தால் கம்போங் அட்மிரல்டி உணவங்காடி இருக்கிறது. மூத்தோர் வீடுகள், மருந்தகம், பாலர் பள்ளி, கூரைத் தோட்டம் எல்லாம் ஒரே கட்டடத்தில் அடுக்கி, 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதை வாங்கிய இடம் அது. பாட்டியை வீட்டிலிருந்து நேராக அங்கே வரச் சொல்லி, பிள்ளைகள் பூங்காவிலிருந்து அங்கே வந்து சேர்ந்துகொள்வதும் நல்ல ஏற்பாடு. மேலே தோட்டத்தில் அவருக்குப் பேச்சுத் துணை கிடைக்கும்.

காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். வெயில் ஏறிய பின் உலோகச் சறுக்குமரம் தொடையைச் சுடும். பிள்ளைக்கு நீளக் கால்சட்டை போட்டு அனுப்புங்கள். சறுக்கவும் அதுதான் வசதி.

கோயிலிலிருந்து தொடங்குவதானால்

பல குடும்பங்களுக்கு ஞாயிறு காலை கோயிலில் தொடங்கும். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் அந்தக் கடற்படைத் தள வட்டாரத்தில் ஒரு மரத்தடி வழிபாடாகத் தொடங்கி, பிறகு இங்கே வந்தது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பெருமை தெரியும். கோயிலோடு சேர்ப்பதற்கு நான் சொன்ன இடங்களில் வெந்நீர் ஊற்றுதான் பொருத்தம். தரிசனம், பிறகு ஊற்று, பிறகு சோங் பாங். ஆனால் முட்டையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மழையும் மூடிய கடைகளும்

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல். அந்த மாதங்களில் அணையைத் திட்டத்தில் வைக்காதீர்கள். திறந்த வெளியில் தண்ணீருக்கு நடுவே மின்னலில் மாட்டிக்கொள்வது ஆபத்து. அந்த நாட்களுக்குக் கடைத்தொகுதி சரிதான், ஆனால் சுற்றிப் பார்க்க மட்டும் போகாமல் உள்ளேயிருக்கும் நூலகத்துக்காகப் போங்கள். ஈசூனில் நார்த்பாயிண்ட் சிட்டிக்குள்ளும், செம்பவாங்கில் சன் பிளாசாவுக்குள்ளும் பொது நூலகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களை எடுக்க அந்த மழை நேரத்தைப் பயன்படுத்தினால், சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அன்றைய செலவு பேருந்துக் கட்டணம்தான். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சலுகை அட்டை எடுத்து வைத்திருந்தால் பேருந்திலும் ரயிலிலும் அதுவும் இல்லை.

சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு அரசாங்கத்திடமிருந்து வரும் சிடிசி பற்றுச்சீட்டுகளில் பாதி பேரங்காடிகளிலும், மறுபாதி உணவங்காடிக் கடைகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் செலவழிக்க வேண்டியது. பலர் பேரங்காடிப் பாதியை உடனே முடித்துவிட்டு உணவங்காடிப் பாதியை வருடக் கடைசி வரை மறந்துவிடுகிறார்கள். உலாவுக்கான சாப்பாட்டுப் பணமாக அதை ஒதுக்கி வைத்தால், சில மாதங்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைகள் கைக்காசு இல்லாமலே நடக்கும். கடையில் பற்றுச்சீட்டு ஏற்கிறார்களா என்று ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

ஊரிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிப்போனால் இரண்டு விஷயங்களை முன்பே சொல்லிவிடுங்கள். மேசை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை வேறொருவர் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் இது கட்டாயம்.

கிளம்பும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். உணவங்காடி நிலையங்களைக் குறிப்பிட்ட நாட்களில் சுத்தம் செய்வதற்காக மூடுவார்கள். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் இணையத்தளத்தில் தேதிகள் இருக்கும். பெரும்பாலும் வார நாட்களில்தான் வரும் என்பதால் பள்ளி விடுமுறையில் திங்கள், செவ்வாய் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். புதுப்பிப்பு வேலைக்கென்று மூடினால் வாரக் கடைசியும் சேர்ந்து போகும். சோங் பாங் மூடியிருக்கும் நாளில் வெந்நீர் ஊற்றுக்குப் போவதானால், சாப்பாட்டுக்கு ஈசூன் பார்க் உணவங்காடிக்கு மாறிக்கொள்ளுங்கள். புக்கிட் கென்பரா மூடியிருந்தால் செம்பவாங் பூங்காவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதே மேல்.